குமிழ் சுற்றுகிறதா?

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னுடைய மூத்த மகள் ஒரு பழைய கமெராவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், ஊர்க் கடிதக் கட்டுகளுக்குப் பின்னால், இருபது வருடத்துக்கும் மேலாகத் தூசி பிடித்துக் கிடந்த பென்டக்ஸ் கே 1000.

"அப்பா, இதுக்குப் பிலிம் போடக் காட்டித் தாங்கோ" என்றாள். கையில் புதிதாக வாங்கிய ஒரு பிலிம் சுருளும் இருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு இப்போது மீண்டும் பிலிமில் ஆசை வந்திருக்கிறது. 2024 இல் பென்டக்ஸ் பெயரிலேயே புதிதாக ஒரு பிலிம் கமெரா கடைக்கு வந்ததாம். நாங்கள் குப்பை என்று மேலே தூக்கி வைத்ததை அவர்கள் தேடி எடுக்கிறார்கள்.

"காட்டித் தாறன். ஆனால் முதல்ல ஒரு கதை கேக்க வேணும்" என்றேன். அந்தக் கதையை அவளுக்குச் சொன்ன பிறகுதான், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்கும் அதைச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

நாங்கள் ஓக்லண்டுக்கு வந்தது 1994 இல். மவுண்ட் றொஸ்கிலில் இரண்டு அறை உள்ள ஒரு யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் இரவில் கட்டடங்கள் துப்புரவாக்கும் வேலை. 1995 ஜூலை 20 ஆம் திகதி மகள் பிறந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு வர எங்களுக்கு இங்கே ஒருவரும் இல்லை. என் அம்மா கொக்குவிலில். மனைவியின் தாயார் உயிரோடு இல்லை.

அந்த நேரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர் இரண்டு வீடு தள்ளி மகனுடன் இருந்த ஒரு ஆச்சி. எங்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் வேறு. ஆஸ்பத்திரியால் வந்த அன்றே பிள்ளையைக் கையில் வாங்கியவர், முப்பத்தொன்று கழியும்வரை தன் கையாலேயே குளிப்பாட்டினார். மனைவிக்குச் சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்தார். மல்லியும் மிளகும் இந்தியக் கடையில் வாங்கலாம், அம்மி எங்கே கிடைக்கும்? ஆச்சி ஒரு கண்ணாடிப் போத்தலை மேசையில் உருட்டி உருட்டி அரைத்தார். பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோது வெள்ளைத் துணி பிடித்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டியவரும் அவர்தான்.

அந்த வருடம் ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்துபோன அந்தச் சனத்துக்குள் என் அம்மாவும் ஒருவர். ஒரு பையுடன் கொடிகாமம் போய்ச் சேர்ந்தார். 1996 ஏப்ரலில் சனம் திரும்பிப் போனபோது அவரும் போனார். அவர் எழுதிய கடிதம் ஜூன் மாதம்தான் எங்கள் கையில் கிடைத்தது. வீடு நிற்கிறது, கதவு நிலைகள் இல்லை, கிணறு இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி:

"அல்பம் ஒண்டும் இல்லை. உன்ர அப்பாவின்ர படமும் இல்லை. பிள்ளையின்ர படம் எடுத்து அனுப்பு, பாக்க ஆசையாக் கிடக்கு."

எங்களிடமும் அப்போது கமெரா கிடையாது. பிள்ளை பிறந்து பதினொரு மாதம். கடவுச்சீட்டுக்கு எடுத்த சின்னப் படத்தைத் தவிர வேறில்லை. அந்த ஞாயிறே விடிய எழும்பி, அவொண்டேல் குதிரைப்பந்தயத் திடலில் கூடும் சந்தைக்குப் போனேன். மரக்கறியும் பழைய உடுப்பும் பரப்பிக் கிடந்த இடத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இந்தக் கமெராவை ஒரு போர்வையில் வைத்திருந்தார். சின்ன பிளாஷ் ஒன்றும் சேர்த்து நூற்றிருபது டொலர். வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். விளக்கப் புத்தகம் இல்லை. "சிம்பிள், வெரி சிம்பிள்" என்று சொல்லிக் கைதந்தார்.

அவர் சொன்னது பொய் இல்லை. பென்டக்ஸ் கே 1000 என்பது 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட கமெரா. படம் எடுக்கப் படிக்கிற மாணவர்களுக்கு உலகமெங்கும் இதைத்தான் வாங்கச் சொன்னார்கள். எல்லாம் பல்லும் சுருள்வில்லும்தான். வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும் ஒரு பொத்தான் அளவு பற்றறி. அது செத்துப்போனாலும் படம் எடுக்கலாம். ஆனால் சிம்பிளான சாமான் எங்களை ஒன்றும் கேட்காது. பிழை விட்டால் எச்சரிக்கவும் மாட்டாது. அதை நான் அறிந்திருக்கவில்லை.

பிறந்தநாள் அன்று சனிக்கிழமை. வெளியே நல்ல மழை, யன்னல் கண்ணாடி எல்லாம் வியர்த்துக் கிடந்தது. 36 படப் பிலிம் ஒன்று போட்டேன். பின்கதவைத் திறந்து, சுருளை இடப்பக்கம் வைத்து, நாக்கை இழுத்து வலப்பக்கத்து உருளையின் பிளவுக்குள் செருகி, கதவை மூடினேன். அவ்வளவுதான். லீவரை இழுத்தால் எண் ஒன்று கூடியது. இழுத்து அமத்த 'க்ளிக்' என்று சத்தம். சத்தம் கேட்டால் படம் விழுகிறது என்றுதான் எவரும் நினைப்பார்.

கேக் வெட்டியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மனைவி சேலை உடுத்தியது எல்லாம் எடுத்தேன். ஆச்சியைக் கூப்பிட்டபோது அவர் முதலில் மாட்டேன் என்றார். "எனக்கென்னத்துக்குப் படம்? ஐசிக்கு எடுத்தது காணும்" என்றார். பிறகு, என் அம்மாவுக்கு அனுப்பத்தான் என்று சொன்னதும், உள்ளே போய் முகம் கழுவி, திருநீறு பூசி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "உங்கட பேத்தியை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு எழுது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆச்சி ரொறன்ரோவில் இருந்த மற்ற மகனிடம் போகிறார். அதற்காகக் கடைசி மூன்று படத்தை மிச்சம் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் பிள்ளை ஆச்சியின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருந்ததை எடுத்தேன். 36 முடிந்தும் லீவர் நிற்கவில்லை. 37, 38, 39, 40. நாலு படம் இலாபம் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

சம்பளம் வந்த வியாழக்கிழமைதான் பிலிமைக் கழுவக் கொடுக்கக் காசு இருந்தது. பின்னேரம் போய் நின்றேன். கடைப் பெண் ஒரு கடித உறையைத் தந்து, மெதுவாகச் சொன்னாள்: படம் ஒன்றும் இல்லை, அதனால் காசும் வேண்டாம்.

உறைக்குள் வெறும் செம்மஞ்சள் நிறப் பிலிம். நாற்பது தரம் அமத்திய படத்தில் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கோ, படங்கள் அனுப்புகிறேன் என்று ஏற்கெனவே எழுதித் தபாலில் போட்டாயிற்று. ஆச்சி ரொறன்ரோவில்.

கடைக்காரர் பிலிமைக் கெடுத்துவிட்டார், அல்லது சந்தை வெள்ளைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் கத்தினேன். மனைவி ஒன்றும் பேசாமல், எங்கள் தெருவில் மகளோடு இருந்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாண நகரில் பல வருடம் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். எல்லோரும் அவரை ஸ்ரூடியோ அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் பிலிமைக் குசினி விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நுனியில் இருந்து மறு நுனிவரை பார்த்தார்.

"தம்பி, கரையில எழுத்துத் தெரியுதோ?"

தெரிந்தது. பிலிம் கம்பனியின் பெயரும், ஒன்று முதல் வரிசையாக எண்களும் கரையோரத்தில் இருந்தன.

"அது பிலிம் செய்யேக்கையே கம்பனிக்காரன் வெளிச்சத்தால எழுதி விடுறது. கழுவினாத்தான் தெரியும். எழுத்து வடிவா விழுந்திருக்கு. எண்டால் கழுவினவனில பிழை இல்லை. இடையில பின்கதவு திறபட்டு வெயில் பட்டிருந்தால் முழுக்கக் கறுத்திருக்கும். கறுக்கவும் இல்லை. எண்டால் என்ன? உன்ர பிலிம் கூட்டுக்குள்ளயே நித்திரை கொண்டிருக்கு."

பிறகு பிலிமின் ஆரம்ப நுனியைக் காட்டினார். அங்கே மட்டும் விரல் நீளத்துக்குக் கரிக்கறுப்பு. பிலிம் போடும்போது வெளிச்சத்தில் கிடக்கும் நாக்குப் பகுதி. அதில் ஒருபோதும் படம் எடுப்பதில்லை.

"நீ எடுத்த நாப்பதும் இதிலதான் விழுந்திருக்கு. ஒண்டுக்கு மேல ஒண்டு. முதலே கறுத்த இடத்தில பிறகு என்ன எழுதினாலும் தெரியாது."

செருகிய நாக்கு, நான் முதல் தரம் லீவரை இழுத்தபோதே பிளவில் இருந்து நழுவிவிட்டது. உருளை வெறுமனே சுற்றியது. படக் கணக்குக் காட்டும் எண்ணோ, லீவரை எத்தனை தரம் இழுத்தோம் என்றுதான் எண்ணும். பிலிம் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

அன்று இரவு வேலைக்குப் போகுமுன் ஸ்ரூடியோ அண்ணை அந்த வீணாய்ப்போன பிலிமையே பழகும் பிலிமாக்கி, அதை அதே அளவுக் கூடு ஒன்றில் சுற்றி, எனக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்ன ஒழுங்கிலேயே இங்கே தருகிறேன். பழைய கமெரா எதுவானாலும் பெரும்பாலும் இதே முறைதான்.

முதலில், உள்ளே ஏற்கெனவே பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கத்து மேல்மூலையில் இருக்கும் றீவைண்ட் குமிழின் கைபிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். தாராளமாகச் சுற்றினால் உள்ளே பிலிம் இல்லை. இறுகினால் இருக்கிறது, திறக்க வேண்டாம்.

இல்லை என்று கண்டபின், வெயிலுக்கு முதுகைக் காட்டி உங்கள் உடம்பின் நிழலில் நின்று, குமிழை மேலே இழுங்கள். பின்கதவு திறக்கும். நடுவில் தெரிகிற கறுப்புத் திரையை விரலால் தொடக்கூடாது. அது மெல்லிய துணி. தூசி இருந்தால் இலேசாக ஊதிவிடலாம்.

பிலிம் கூட்டில் ஒரு பக்கம் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் கீழே வரத்தக்கதாக இடப்பக்கக் குழிக்குள் வையுங்கள். குமிழைப் பழையபடி கீழே அமத்துங்கள். இறங்க மறுத்தால் கொஞ்சம் திருப்பினால் கவ்விக்கொள்ளும்.

இனி நாக்கை இழுத்து, வலப்பக்கத்து உருளையின் பிளவு ஒன்றுக்குள் நன்றாகச் செருகுங்கள். நான் கதவை மூடியது இந்த இடத்தில்தான். இங்கே மூடக்கூடாது. கதவு திறந்திருக்கும்போதே லீவரை ஒரு தரம் இழுங்கள். உருளைக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. பிலிமின் மேல்கரை ஓட்டைகளும் கீழ்க்கரை ஓட்டைகளும், இரண்டும், அந்தப் பற்களில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் போதாது. இன்னொரு தரம் இழுத்துப் பாருங்கள். "ரெண்டு செக்கன் வெளிச்சத்துக்குப் பயந்துதான் எல்லாரும் கதவை மூடுறது. அந்த இடம் எப்பிடியும் வீண்போற இடம். பயப்படாதை" என்றார் அண்ணை.

இப்போது கதவை மூடுங்கள். குமிழின் கைபிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பி, உள்ளே தொய்ந்திருக்கும் பிலிமை இறுக்குங்கள். இலேசாகத் தடுத்தவுடன் நிறுத்துங்கள். பலம் கொடுத்தால் ஓட்டைகள் கிழியும்.

அடுத்ததுதான் முழுப் பாடமும். லீவரை இழுக்கும்போது உங்கள் கண் படக் கணக்கில் இருக்கக்கூடாது. இடப்பக்கத்துக் குமிழில் இருக்க வேண்டும். பிலிம் நகர்ந்தால் அந்தக் குமிழ், அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகத் தானாகவே சுற்றும். சுற்றினால் பிலிம் ஓடுகிறது. சுற்றாவிட்டால், எண் என்ன சொன்னாலும், எத்தனை க்ளிக் கேட்டாலும், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

"எண்ணை நம்பாதை தம்பி. குமிழ் சுத்துதா எண்டு பார். ஒவ்வொரு படத்துக்கும் பார்."

இரண்டு வெறும் படம் அமத்தி எண்ணை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். பிலிமின் பெட்டியில் எழுதியிருக்கும் ஏ.எஸ்.ஏ எண்ணை, 100 ஓ 200 ஓ 400 ஓ, வேகச் சக்கரத்தின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி வையுங்கள். இந்தக் கமெராவின் வெளிச்ச முள்ளுக்கு நிறுத்தும் சுவிட்ச் இல்லை. எனவே எடுத்து முடிந்ததும் லென்சுக்கு மூடி போட மறக்காதீர்கள். இல்லையென்றால் பற்றறி இறங்கிவிடும்.

முடியும்போது லீவர் இறுகி நிற்கும். இழுத்துப் பார்க்க வேண்டாம். கமெராவின் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமத்திவிட்டு, குமிழை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, திடீரென்று கை இலேசாகும். அப்போது பிலிம் முழுவதும் கூட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கதவு. தவறித் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள். வெளிச்சுற்றில் இருந்தவை போய்விடும், உள்ளே சுற்றியிருப்பவை சிலவேளை தப்பும். எண் 38, 39 என்று ஏறிக்கொண்டே போனால் என்னைப்போலச் சந்தோஷப்பட வேண்டாம். சுற்றும்போது ஆரம்பம் முதலே கை இலேசாக இருந்தால், அந்தப் பிலிம் வெறும் பிலிம். அதைக் கழுவக் கொடாமல், நாக்கை வெளியே எடுத்துத் தரச் சொன்னால் மீண்டும் பாவிக்கலாம்.

ஸ்ரூடியோ அண்ணை என்னைக் கண்ணை மூடச் சொல்லி நாலு தரம் போடவைத்தார். ஏன் என்று கேட்டேன். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு, பற்றறியும் தடைசெய்யப்பட்ட சாமானாகிவிட்ட காலத்தில், தான் வேலைசெய்து பழகிய முறை அது என்றார். "பற்றறி இல்லாத கமெராவுக்கு அப்ப ராசமரியாதை. வெளிச்சத்தைக் கண்ணால அளப்பம்." நல்ல வெயில் என்றால் லென்சின் துவாரம் 16, வேகம் பிலிமின் எண்ணுக்குக் கிட்டியது, 100 பிலிமுக்கு 125 இல் ஒரு பங்கு செக்கன். அந்தக் கணக்கை அன்று மனப்பாடம் செய்தேன், இன்றும் பிழைத்ததில்லை.

போகும்போது அவர் ஐந்து டொலர்த் தாளைக் காட்டி ஒரு கதையும் சொன்னார். 1992 முதல் அந்தத் தாளில் இருப்பவர் எட்மண்ட் ஹிலரி, இந்த ஓக்லண்டில் பிறந்தவர். என் மகளுக்கும் அவருக்கும் ஒரே பிறந்தநாள், ஜூலை 20. 1953 மே 29 ஆம் திகதி அவரும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியில் ஏறியபோது ஹிலரியிடம் இருந்தது கொடாக் றெற்றினா என்ற கமெரா. கூட்டுக்குள் அடைத்துவரும் 35 மில்லிமீற்றர்ப் பிலிம் 1934 இல் கடைக்கு வந்ததே இந்த றெற்றினா வகைக் கமெராவோடுதான். அதற்கு முன்னர் லைக்காக்காரர்கள் பெரும்பாலும் இருட்டறையில் தாங்களே பிலிமைக் கூட்டில் சுற்ற வேண்டும். அந்த உச்சியில், ஐஸ்கோடரியில் கொடிகள் கட்டித் தூக்கிப் பிடித்திருக்கும் டென்சிங்கின் படம் உலகத்துக்கே தெரியும். ஹிலரி உச்சியில் நிற்கும் படம் ஒன்றும் இல்லை. டென்சிங்குக்குக் கமெரா பழக்கமில்லை என்றுதான் ஹிலரி நினைத்தார். அதைக் காட்டிக்கொடுக்கிற இடமும் அதுவல்ல.

"அங்க பிலிம் நழுவியிருந்தால் திரும்ப ஏறி எடுக்க ஏலுமோ? கீழ நிண்டு பழகவேணும் தம்பி" என்றார் அண்ணை.

ஆனால் நாங்கள் திரும்ப ஏறத்தான் பார்த்தோம். ஓகஸ்ட் 10 ஆம் திகதி, சனிக்கிழமை, பிள்ளைக்கு மறுபடியும் பிறந்தநாள் வைத்தோம். அதே சட்டை, புதுக் கேக், அதே ஒற்றை மெழுகுதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், இரண்டாம் தரமும் கேக் கிடைக்கிறது என்று சந்தோஷமாக வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் குமிழைப் பார்த்தேன். சுற்றியது. கழுவி வந்தபோது 36 உம் இருந்தன. நல்ல பன்னிரண்டைத் தெரிந்து அம்மாவுக்கு அனுப்பினேன். நடந்ததை ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒக்ரோபரில் பதில் வந்தது.

"படம் கிடைச்சுது. பிள்ளை உன்ர அப்பாவை உரிச்சு வைச்சிருக்கிறாள். முப்பது தரம் பாத்திட்டன். பிறந்தநாள் ஜூலையில, சுவரில கிடக்கிற கலண்டரில ஓகஸ்ட் மாதம் தெரியுது. நீ எழுதின நேரம் ரெண்டு பல்லு, படத்தில நாலு பல்லு. என்ன நடந்ததெண்டு தெரியாது. ரெண்டு தரம் கொண்டாடினாலும் நல்லதுதான். அந்த ஆச்சியின்ர படம் ஏன் அனுப்பேல்லை?"

கடையில் இலவசமாகத் தந்த இலட்சுமி படக் கலண்டர் கேக்குக்கு நேர்பின்னால் தொங்கியதை நான் கவனிக்கவே இல்லை. நானும் மனைவியும் சிரித்தோம். கடைசி வரியை வாசித்தபின் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆச்சியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ரொறன்ரோவுக்கு எழுதினோம், படம் ஒன்று அனுப்பச் சொல்லி. "அடுத்த முறை" என்று பதில் வந்தது. இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார் என்ற செய்திதான் அடுத்து வந்தது. இங்கே இருந்த மகனும் பிறகு வேறு ஊருக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போயிற்று. அம்மாவுக்கு நான் உண்மையை எழுதினேன். "அப்ப அவ எப்பிடி இருப்பா எண்டாவது எழுது" என்று கேட்டார். எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நீண்ட கடிதம் அதுதான். திருநீறு, மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் சுற்றியிருந்த நூல், போத்தலால் சரக்கு அரைக்கும் கை, எல்லாம் எழுதினேன். அம்மாவும் ஆச்சியும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அம்மா இறந்தபின் அவருடைய பெட்டியில் இருந்து வந்தவற்றில் அந்தப் பன்னிரண்டு படமும் இருந்தன. அவற்றோடு சேர்த்து மடித்து வைத்த அந்தக் கடிதமும் இருந்தது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தை. இன்று உங்கள் கையில் இருக்கும் தொலைபேசிக்கு நாக்கும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. எடுத்த கணமே படம் தெரியும். ஆனால் தொலைபேசி தொலைந்து, படங்கள் முழுவதும் போய்விட்டது என்று அழுத பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். விழுந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு பாராமல் விடுவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே பிழைதான். முக்கியமான நாளுக்கு நாலு படமாவது கடுதாசியில் அச்செடுங்கள். பின்னால் மென்மையான பென்சிலால் பெயரும் திகதியும் ஊரும் எழுதுங்கள். பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். ஒரு பிரதியை வேறொரு வீட்டில், வேறொரு நாட்டில் இருக்கும் சொந்தத்திடம் கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டுக்கு என்ன நடந்தாலும் மற்ற வீட்டில் இருக்கும். இது எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

"எனக்கென்னத்துக்குப் படம்" என்று சொல்லும் வயதானவர்களை முதலில் எடுங்கள். எடுத்தது விழுந்ததா என்று அவர்கள் வீட்டை விட்டுப் போகுமுன் பாருங்கள். படம் எடுப்பவரிடம் இருந்து கமெராவை வாங்கி அவரையும் ஒன்று எடுங்கள். எங்கள் அல்பங்களில் ஹிலரியைப்போல நானும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதை முடிந்தபின் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அலுமாரிக்குப் போய், கடிதக் கட்டோடு நான் இத்தனை வருடமும் வைத்திருந்த அந்தப் பழைய உறையை எடுத்து வந்தாள். வெறும் பிலிமை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். செம்மஞ்சள் முழுவதையும் தாண்டி, நுனியில் இருந்த கறுப்புத் துண்டில் விரலை வைத்தாள்.

"ஆச்சி இதுக்குள்ளயோ இருக்கிறா, அப்பா?"

"ஓம். நீயும் அவவின்ர மடியில இருக்கிறாய்."

அதை உறையில் போட்டு வைத்துவிட்டு, புதுப் பிலிமைக் கையில் எடுத்தாள். சுருளை வைத்தாள், நாக்கைச் செருகினாள், கதவை மூடாமல் லீவரை இழுத்தாள், இரண்டு கரையும் மாட்டியதைக் காட்டினாள், மூடினாள். முதல் படத்துக்கு லீவரை இழுக்கும்போது நாங்கள் இருவரும் குனிந்து இடப்பக்கத்துக் குமிழைப் பார்த்தோம்.

சுற்றியது.

"இப்ப அம்மாவுக்குப் பக்கத்தில போய் நில்லுங்கோ" என்றாள்.